இரண்டு தட்டிலும் எழுபத்தேழு

அந்தத் தெருவில் அவளுக்குத் தகட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. வீடுகளுக்கும் கடைகளுக்கும் கதவு எண் வெட்டிக் கொடுப்பது அவள் தொழில். பித்தளையோ ஸ்டீலோ எதில் கேட்டாலும் வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, முகம் பார்க்கலாம்போலப் பாலிஷ் ஏற்றித் தருவாள். அக்கம்பக்கத்து நாலைந்து தெருக்களில் தபால்காரர் நின்று நிமிர்ந்து பார்க்கிற எண்ணெல்லாம் அவள் கைபட்டதுதான்.

பட்டறை என்று சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னறையில் அறுக்கும் மெஷின், பின்னறையில் நீள மேசை, சுவரில் ஆணியடித்து மாட்டிய மர அச்சுகள், மூலையில் அளவு வரைவதற்கான காக்கிக் காகிதச் சுருள். கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் இருபது நாள் அவருக்கு நெடுஞ்சாலையில்தான் குடித்தனம். அதனால் பட்டறை தகட்டக்காவும் அவள் நாத்தனாரும் சேர்ந்து நடத்துவது. வெட்டுவது இவள், பாலிஷ் போட்டுப் பொட்டலம் கட்டுவது அவள். நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கை சுத்தம்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு குடியிருப்புக்கு இருநூறு எண் வெட்டியபோது, ஒரே ஓர் ஆறு தலைகீழாகி ஒன்பதாகப் போய், அந்த வீட்டுக்கு வரவேண்டிய கட்டிலும் மெத்தையும் பக்கத்து மாடிக்கு ஏறிவிட்டன. அன்றிலிருந்து, எந்த ஆர்டர் வந்தாலும் தகட்டக்கா அதிலுள்ள இலக்கங்களையெல்லாம் கூட்டி சீட்டின் பின்புறம் எழுதிவைத்துவிடுவாள். வேலை முடிந்ததும் நாத்தனார் சீட்டைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்துக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பொட்டலம்.

கல்லூரியில் கணிதத் துறைக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் மேற்பார்வையாளர் ஒருநாள் காலையில் வந்தார். காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார் என்பதால், அவர் தலை மறைவதற்குள் நாத்தனார் அவருக்குப் ‘பென்சில்காரர்’ என்று பட்டம் சூட்டிவிட்டாள். நுழைவுக் கூடத்தில் சாம்பல் நிறக் கல்சுவர் ஒன்று. அதன் மேல் ஒரே வரிசையில் முப்பத்தொன்பது இலக்கங்கள் பதிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். முதல் இலக்கம் பித்தளை, அடுத்தது ஸ்டீல், மறுபடி பித்தளை என்று மாறி மாறி வர வேண்டும்.

“ஒரே நம்பரா?” என்று கேட்டாள் தகட்டக்கா.

“ஒரே நம்பர்தான். துறைத்தலைவி அம்மா அவங்க கையாலயே எழுதிக் கொடுத்தது. கீழ ஒரு சின்னப் பலகையும் வேணும், அதுல இந்த வாசகம்.”

வாசகத்தை அவள் வாய்விட்டுப் படித்தாள். ‘இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது. நூற்று இருபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது.’

இதுநாள்வரை அவள் வெட்டியதிலேயே நீளமான எண், ஒரு கிடங்கின் ஏழு இலக்க எண். முப்பத்தொன்பது என்றதும் அவளுக்கு உள்ளூரக் குதூகலம்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல், “பத்து நாள் ஆகும்” என்றாள். சீட்டின் பின்புறம் கூட்டி எழுதினாள். நூற்று ஐம்பத்து நான்கு.

எட்டு ஒன்றுகள், ஆறு ஏழுகள், நாலு பூஜ்யங்கள். அவ்வளவு நீளத்தில் ஒன்பது மட்டும் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அந்த ஒற்றை ஒன்பதை அவள் தனிக் கவனத்தோடு வெட்டினாள். ஒன்பதாம் நாள் பிற்பகல் எல்லாம் முடிந்து, பித்தளை இருபதும் ஒரு தட்டில், ஸ்டீல் பத்தொன்பதும் ஒரு தட்டில் வரிசைப்படி படுத்திருந்தன. நாத்தனார் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு கூட்ட உட்கார்ந்தாள்.

“பித்தளை எழுபத்தேழு, அண்ணி.”

“ம்.”

“ஸ்டீலும் எழுபத்தேழு. ரெண்டும் சேத்தா நூத்து அம்பத்தி நாலு. சீட்டுல என்ன?”

“அதேதான். சரியா இருக்கு, கட்டு.”

நாத்தனார் காகிதத்தை எடுத்தவள் சிரித்தாள். “தராசுல நிறுத்து வெச்ச மாதிரி ரெண்டு தட்டுலயும் ஒரே எடை பாருங்க.”

தகட்டக்காவின் கை மெஷின் மேலேயே நின்றது. எங்கோ கேட்டதுபோல் இருந்தது. ஏழாம் வகுப்பில் வகுபடும் தன்மை என்று ஒரு பாடம். மூன்றுக்கு ஒரு விதி, ஒன்பதுக்கு ஒரு விதி. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது பதினொன்றின் விதி. ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டு. விட்டுப்போனதையும் தனியாகக் கூட்டு. இரண்டும் சமமாக இருந்தால் அந்த எண் பதினொன்றால் வகுபடும். வித்தைக்காரன் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுப்பதுபோல் அது அப்போது அவளுக்குத் தோன்றியது. தட்டு இரண்டும் ஒன்றுவிட்டு ஒன்றுதானே?

“கட்டாத. கொஞ்சம் பொறு” என்றாள்.

காக்கிக் காகிதத்தில் ஒரு முழம் கிழித்து, முப்பத்தொன்பது இலக்கத்தையும் எழுதி, பதினொன்றால் வகுக்க ஆரம்பித்தாள். நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கடைசி இலக்கத்தை இறக்கிக் கழித்தபோது மீதி பூஜ்யம்.

“எதாலயும் வகுபடாதுன்னு பலகையில வெட்டியிருக்கோமே” என்றாள் நாத்தனார்.

“அதான் பாக்கறேன். ஒண்ணு பலகை பொய், இல்ல நம்பர் தப்பு.”

பென்சில்காரருக்குப் போன் போட்டாள். அவர் சுவரருகே எங்கோ நின்றிருக்க வேண்டும். பின்னால் சுத்தியல் சத்தம்.

“அம்மா, வியாழக்கிழமை கல்லுல துளை போடறோம். இப்ப வந்து நம்பர் தப்புன்னா எப்படி? அவங்க எத்தனை வருஷமா கணக்கு சொல்லிக் கொடுக்கறவங்க. நீங்க வெட்டிக் கொடுங்க, கணக்கை அவங்க பாத்துக்கட்டும்.”

“பாக்கலையே. பாத்திருந்தா பதினொண்ணால வகுபடுமா?”

“சரி, ஒரு ரெண்டு நம்பர் இடம் மாறியே இருக்கட்டும். முப்பத்தொம்பதுல யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே” என்றாள் தகட்டக்கா.

அவர் போனை வைத்துவிட்டார். அவளுக்குக் காது மடல் சூடேறியது. கோபத்தைவிட இன்னொன்று உறுத்தியது. தப்பு இருக்கிறது என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிகிறது. எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. வெறும் கையோடு போய் நின்றால் துறைத்தலைவியும் இதையேதான் சொல்வார். அன்று ஞாயிறு. வியாழனுக்கு நடுவில் மூன்று முழு நாள் இருந்தது.

பலகை வாசகத்தை மறுபடி படித்தாள். நூற்று இருபத்தேழு இரண்டுகள். அதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். ரெட்டிப்பாக்கத் தெரிந்தால் போதும்.

திங்கள் காலை மேசையைக் காலி செய்து காக்கிச் சுருளை நீளமாக விரித்தாள். முதல் வரியில் 2. அடுத்து 4, 8, 16, 32. பத்தாவது வரியில் ஆயிரத்தைத் தாண்டியது. வலது ஓரம் நேராக இருக்கும்படி இலக்கத்தின் அடியில் இலக்கமாக எழுதிக்கொண்டே போனாள். எண் இடப்பக்கம் மெல்ல மெல்ல வளர்ந்தது. லாரியிலிருந்து கணவர் அழைத்தபோது நாத்தனார்தான் எடுத்தாள்.

“உங்கண்ணி எங்க?”

“ரெண்டால பெருக்கிட்டிருக்காங்க.”

“எதை?”

“ரெண்டை.”

“சாப்பிட்டாளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு, பிடித்த பிடியை அவள் விடமாட்டாள் என்பது தெரியும்.

பழக்க தோஷத்தில் தகட்டக்கா ஒவ்வொரு வரியின் இலக்கங்களையும் கூட்டி ஓரத்தில் குறித்துவந்தாள். கூட்டி வந்ததையும் மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாகச் சுருக்கினாள். இரண்டு, நான்கு, எட்டு, ஏழு, ஐந்து, ஒன்று. பிறகு மறுபடி இரண்டு, நான்கு, எட்டு, ஏழு, ஐந்து, ஒன்று. இருபதாவது வரியில் அவளுக்கு உறைத்தது. எண் எவ்வளவு பெரிதானாலும் இந்த ஆறும் இதே வரிசையில் ராட்டினம்போலச் சுற்றி வந்தன.

“இங்க வா, வந்து பாரு” என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

“யாரு சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு?”

“யாரும் சொல்லல. அதுவா வருது.”

அப்படிச் சொன்னபோது அவளுக்கு நெஞ்சு விம்மியது. ஒருவேளை உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருக்கலாம். இருந்தாலும் இவளுக்கு யாரும் காட்டவில்லை. இவளே கண்டது.

அந்த ராட்டினமே அவளைக் காப்பாற்றவும் செய்தது. செவ்வாய்க்கிழமை, எழுபத்தொன்றாவது வரியில், ஐந்து வர வேண்டிய இடத்தில் நான்கு வந்தது. இன்னொரு தடவை கூட்டினாள், நான்குதான். விரலால் ஒவ்வோர் இலக்கமாகத் தடவிப் பார்த்ததில், நடுவில் ஓரிடத்தில் முந்தைய இலக்கத்திலிருந்து கையில் மிஞ்சிய ஒன்றைச் சேர்க்க மறந்திருந்தாள். அழித்துத் திருத்தினாள். அதன்பின் நாத்தனாரை எதிரே உட்காரவைத்து, அவள் ஓரக் கூட்டலைப் பார்க்க, இவள் பெருக்க, இரண்டு பேருமாக இழுத்தார்கள். பாலிஷ் மெஷின் மூன்று நாளும் ஓடவேயில்லை. கதவு எண் வாங்க வந்தவர்களை, “வெள்ளிக்கிழமை வாங்க” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

புதன் பிற்பகல் நூற்று இருபத்தேழாவது வரி. கடைசி வரியில்தான் முப்பத்தொன்பதாவது இலக்கம் இடது ஓரத்தில் தலையை நீட்டியது. கடைசி எட்டிலிருந்து ஒன்றைக் கழித்து ஏழாக்கினாள். நாத்தனார் ஆர்டர் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று மூன்றாகப் படிக்க, இவள் விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

“நூத்து எழுபது.”

“சரி.”

“நூத்து நாப்பத்தொண்ணு. நூத்து எம்பத்து மூணு.”

“சரி, மேல போ.”

முப்பது இலக்கம்வரை ஒரு பிசகும் இல்லை. நாத்தனார், “எண்ணூத்து எம்பத்தொண்ணு, நானூத்தஞ்சு” என்றபோது தகட்டக்காவின் விரல் நின்றது. அவள் காகிதத்தில் இருந்தது எண்ணூற்று எண்பத்து நான்கு, நூற்று ஐந்து.

நான்கும் ஒன்றும் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான். கூட்டுத்தொகை மாறவில்லை. அதனால் கடையின் வழக்கமான சோதனைக்கு அது அகப்படவில்லை. ஆனால் மாறிய இரண்டில் ஒன்று பித்தளை, ஒன்று ஸ்டீல். ஒரு தட்டில் மூன்று குறைந்து மற்றொரு தட்டில் மூன்று கூடியிருந்தது. உண்மையான எண்ணுக்குப் பித்தளை எண்பதும் ஸ்டீல் எழுபத்து நாலும் வர வேண்டும்.

உடனே சுருளைச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். நாத்தனார் கடையை அடைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தாள்; இதைப் பார்க்காமல் விட அவளுக்கு மனசில்லை.

கல்லூரியின் பழைய கட்டடத்தில் துறைத்தலைவியின் அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கரும்பலகை, மேசையில் திருத்தாத விடைத்தாள் கட்டு. நரைத்த முடியைக் கொண்டையாக முடிந்த அந்த அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இவர்களைப் பார்த்தார். பென்சில்காரரும் ஏதோ கையெழுத்துக்காக அங்கேயே நின்றிருந்தார். தகட்டக்காவைக் கண்டதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“மேடம், இவங்கதான் நம்பர் வெட்டறவங்க. நான் அப்பவே சொன்னேன்...”

“என்ன சொன்னீங்க?”

“உங்க நம்பர்ல தப்பு இருக்குங்கறாங்க.”

அந்த அம்மாள் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பழகிய வழியில் நடப்பவரின் நிதானமான சிரிப்பு. “அந்த நம்பரை நான் பதினேழு வயசுல மனப்பாடம் பண்ணேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தப்பா இருக்க வாய்ப்பே இல்லம்மா.”

தகட்டக்கா வாதாடவில்லை. ஆர்டர் சீட்டை மேசையில் வைத்தாள். “நீங்க எழுதினதுதானே இது? பதினொண்ணால வகுபடுதா பாருங்க. பித்தளைத் தட்டுல எழுபத்தேழு, ஸ்டீல் தட்டுல எழுபத்தேழு.”

சிரிப்பு நின்றது. அந்த அம்மாளின் கண்கள் சீட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாவின. உதடு மட்டும் அசைந்தது. ஒருமுறை முடித்து, முதலிலிருந்து இன்னொரு முறை. பென்சில்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“வகுபடுது” என்றார் அம்மாள். “எங்க மாறியிருக்கு?”

“முப்பத்து மூணாவதும் முப்பத்து நாலாவதும். நாலு, ஒண்ணுன்னு இருக்கணும். ஒண்ணு, நாலுன்னு எழுதியிருக்கீங்க.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

தகட்டக்கா சுருளைத் தரையில் வைத்து உருட்டிவிட்டாள். அது மேசைக்கடியில் ஓடி, கரும்பலகையைத் தொட்டு நின்றது. நூற்று இருபத்தேழு வரிகள். முதலில் ஒற்றை இரண்டு, கீழே போகப்போக விரிந்து, கடைசியில் காகிதத்தின் அகலத்தையே அடைத்துக்கொண்டு. ஓரத்தில் சிவப்பு மையில் ராட்டினம். துறைத்தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓரத்துச் சிவப்பு எண்களை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தார்.

“இது எதுக்கு?”

“நடுவுல தப்பு வந்தா காட்டிக் கொடுக்கும். ஆறுக்கு ஒரு தடவை திரும்பி வருது. எழுபத்தொண்ணுல ஒரு தப்பு பண்ணேன், அதான் பிடிச்சுக் கொடுத்துச்சு.”

“நீங்களே கண்டுபிடிச்சதா?”

“ஆமா” என்றாள் தகட்டக்கா. அந்த ஒரு வார்த்தையை அவள் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

அம்மாள் எழுந்து பென்சில்காரரிடம் திரும்பினார். “தப்பு என்னோடது. மனப்பாடத்தை நம்பி, பாக்காம எழுதிட்டேன். துளை போடறதை நிறுத்துங்க.”

“மேடம், ரெண்டே ரெண்டு நம்பர் இடம் மாறினதுக்கு...”

“பதினாலாம் நம்பர் வீட்டுக்குப் போக வேண்டிய ஆம்புலன்ஸ் நாப்பத்தொண்ணாம் நம்பர் வீட்டு வாசல்ல நின்னா ஒத்துக்குவீங்களா?” என்றாள் தகட்டக்கா. “அங்கயும் ரெண்டே நம்பர்தான் மாறியிருக்கு.”

அவர் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு, துளை போடுபவரைக் கூப்பிடப் போனார். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துறைத்தலைவி இருவரையும் உட்காரவைத்தார். எல்லா இடமாற்றமும் பதினொன்றிடம் இப்படி மாட்டிக்கொள்ளாது; இது மாட்டியதுகூட, இவர்கள் இரண்டு தட்டாகப் பிரித்து வைத்ததால்தான் கண்ணில் பட்டது என்றார். பிறகு அந்த எண்ணின் கதையைச் சொன்னார்.

“கிட்டத்தட்ட நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர், மெஷின் எதுவும் இல்லாம, இது பகா எண்தான்னு நிரூபிச்சார். அதுக்கப்புறம் எழுபத்தஞ்சு வருஷம், உலகத்துக்குத் தெரிஞ்ச பகா எண்கள்ல இதுதான் பெருசு.”

“எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்தாரா?”

“அதுக்கு யாரோட ஆயுளும் பத்தாது. வகுக்காமலே கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு. நாலுல ஆரம்பிக்கணும். அதை அதாலயே பெருக்கி, ரெண்டைக் கழிச்சு, இந்தப் பெரிய நம்பரால வகுத்து, மீதியை மட்டும் வெச்சுக்கணும். அந்த மீதியை மறுபடி அதே மாதிரி. மொத்தம் நூத்து இருபத்தஞ்சு தடவை. கடைசி மீதி பூஜ்யமா வந்தா பகா எண்.”

தகட்டக்கா தரையில் கிடந்த சுருளைப் பார்த்தாள். ரெட்டிப்பாக்கவே மூன்று நாள். முப்பத்தொன்பது இலக்கத்தை முப்பத்தொன்பது இலக்கத்தால் பெருக்கி, மறுபடி வகுத்து... நினைக்கவே தலை சுற்றியது. முகம் தெரியாத அந்த மனிதர்மேல் அவளுக்குச் சட்டென்று ஒரு மரியாதை வந்தது. ஒரே தொழில் செய்கிற இன்னொருவர்மேல் வருகிற மரியாதை.

“இப்ப இதைவிடப் பெருசு இருக்கா?”

“கோடிக்கணக்கான இலக்கத்துல இருக்கு. கம்ப்யூட்டர்தான் கண்டுபிடிக்குது.”

“அதை எந்தச் சுவத்துல மாட்டுவாங்க?” என்றாள் நாத்தனார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது துறைத்தலைவி கொஞ்சம் தயங்கி, அந்தச் சுருளைத் துறைக்குக் கொடுக்க முடியுமா, கண்ணாடிக்குள் வைக்கலாம் என்று கேட்டார். தகட்டக்கா யோசித்தாள்.

“இல்லம்மா. இது என் கடையிலதான் இருக்கும். பாக்கணும்னா பிள்ளைங்களைக் கடைக்கு அனுப்புங்க.”

அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே ஒரு வகுப்பு முழுவதையும் கூட்டிவந்தார். கடை கொள்ளாமல் தெருவரைக்கும் நின்றார்கள். நாத்தனார் சுருளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, ராட்டினத்தைத் தானே கண்டுபிடித்ததுபோல விளக்கினாள். தகட்டக்கா மெஷினை நிறுத்தாமல் காதை மட்டும் அங்கே வைத்திருந்தாள்.

சுவரில் பதிக்கும் வேலையை அவள் யாருக்கும் விடவில்லை. பித்தளையில் ஒரு நான்கும் ஸ்டீலில் ஓர் ஒன்றும் புதிதாக வெட்டினாள். ஏணிமேல் ஏறி, ஒவ்வொன்றாகத் துளையில் பொருத்தி, மட்டம் பார்த்து, காலையில் தொடங்கியது மாலை வெயில் கூடத்துக்குள் சாயும்போது முடிந்தது. பென்சில்காரர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே பிடித்தார்.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள். “எம்மாம் பெரிய நம்பர். போன் நம்பரா?”

“இல்ல. எதாலயும் வகுபடாத நம்பர்.”

“எதாலயுமேவா? யாரு சொன்னா?”

தகட்டக்கா ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சுவரைக் கடைசிவரை ஒருமுறை பார்த்தாள்.

“பதினொண்ணால வகுபடாதுங்கறதை நானே பாத்தேன். ஆறு மீதி வருது” என்றாள். “மத்ததை எல்லாம் இன்னொருத்தர் பாத்திருக்கார்.”